ஏலமலைச் சரிவில் தாளும் திரையும்

அன்றாட வாசிப்புக்கு அச்சுப் புத்தகம் நல்லதா, மின்வாசிப்பான் நல்லதா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. புத்தகம் எப்படிக் கைக்கு வருகிறது, எங்கே வைக்கப்படுகிறது, எந்த வெளிச்சத்தில் படிக்கப்படுகிறது, படித்து முடித்தபின் யாரிடம் போகிறது என்பவற்றைப் பொறுத்துப் பதில் மாறும். சில கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே இவையெல்லாம் மாறிப்போகிற ஊர் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது போடி. அங்கிருந்து கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. மெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, வண்டன்மேடு என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. தோட்டங்களில் காய் எடுக்கிற பெண்கள் பலர், காலையில் தமிழ்நாட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் மலையேறி, வேலை முடிந்து மாலையில் இறங்குகிறவர்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தாளுக்கும் திரைக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகப் புலப்படுகிறது.

ஒப்பிட வேண்டிய பொருள்கள் உண்மையில் மூன்று. முதலாவது அச்சுப் புத்தகம். இரண்டாவது, புத்தகம் படிப்பதற்கென்றே செய்யப்பட்ட மின்வாசிப்பான்; அமேசானின் கிண்டில் பரவலாக விற்றதால் இந்த வகைக் கருவி எல்லாவற்றையுமே மக்கள் கிண்டில் என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது செல்போன். கருவியில் படிப்பது என்றாலே பெரும்பாலானவர்களுக்குக் கையில் இருப்பது செல்போன்தான். மின்வாசிப்பானையும் செல்போனையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் இந்த விவாதத்தில் குழப்பம் வருகிறது. இரண்டின் திரையும் வேறு, கண்ணுக்கும் மனத்துக்கும் அவை செய்வதும் வேறு.

மலையின் ஈரமும் புத்தக அலமாரியும்

காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். ஏலக்காய் தெரிந்தவர்களுக்கு இந்தக் குணம் பழக்கமானது. பறித்த பச்சைக் காயைத் தோட்டத்து ஸ்டோரில் வெப்பக் காற்றில் உலர்த்தி, ஈரத்தைச் சுமார் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டி வைக்கிறார்கள். உறை கிழிந்தால் காய் மறுபடி ஈரம் குடித்து நிறம் மங்கும். புத்தகத்துக்கும் இதே கதிதான். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் தாளிலும் அட்டையிலும் பூசணம் பூக்கும். ஏலம் செழிக்கிற மலைகளில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே காற்றை உலரவே விடாது.

ஆடி மாதத்தில் மலைவீட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். அட்டை வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். தாள் நமுத்த அப்பளம் போலத் தொய்ந்திருக்கும். புரட்டினால் சலசலப்பு எழாது. முதுகில் பசை தடவிய இடத்தை ஒட்டிச் சாம்பல் நிறப் புள்ளிகள் படர்ந்திருக்கும். மாவுப் பசையைத் தின்ன வரும் ராமபாணப் பூச்சி, பக்க ஓரங்களைச் சுரண்டி வைத்திருக்கும். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சான மாத நாவல் என்றால், பழுப்பேறி மடிப்பிலேயே ஒடியும்.

கீழே போடியில் நிலைமை வேறு. ஊர் மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதால், மெட்டுக்கு அப்பால் மழை கொட்டும் நாள்களிலும் போடியில் பெரும்பாலும் காற்றும் சாரலும்தான். இங்கே புத்தகத்தின் எதிரிகள் தூசி, வெயில், கரையான். சுவரை ஒட்டி அடுக்கிய புத்தகங்களை ஒரே மழைக்காலத்தில் செல்லரித்துவிடும். ஆனாலும் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்த அலமாரியில் ஒரு புத்தகம் ஐம்பது ஆண்டு சிரமமில்லாமல் இருக்கும்.

மலையில் புத்தகம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்கக் கூடாது. புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல் காற்று நுழைய இடம் விட வேண்டும். மழை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். நேர்வெயிலில் போட்டால் அட்டை வளைந்து மை வெளுக்கும். பாலித்தீன் உறையில் போட்டு வைப்பதென்றால், நன்றாக உலர்ந்த பிறகுதான் போட வேண்டும். ஈரத்தோடு உறைக்குள் அடைத்த புத்தகம், வெளியில் இருப்பதைவிட வேகமாகப் பூசணம் பிடிக்கும். ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே போராட்டம் இருந்தது. சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்கப் புல்தைலம் தடவினார்கள்; சுவடிக் கட்டோடு வசம்பு வைத்தார்கள்.

மின்வாசிப்பானில் பூசணம் பூக்காது, பூச்சி அரிக்காது. அதற்காக அதற்கு மலையில் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சார்ஜ் செய்யும் துளையில் ஈரம் புகுந்தால் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலின்போது மின்இணைப்பில் வைத்த கருவி பழுதாகலாம். பெரும்பாலான மின்வாசிப்பான்களின் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. கல்லில் விழுந்தால் அது நொறுங்கும், திரையை மாற்றுகிற செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கும். பேட்டரியும் சில ஆண்டுகளில் தளரும். நனைந்த புத்தகத்தை உலர்த்திப் படித்துவிடலாம், உடைந்த திரையில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

மின்மை எப்படி வேலை செய்கிறது

மின்வாசிப்பானின் திரையை மின்மைத் திரை என்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் 1990-களில் உருவாக்கிய நுட்பம் இது. தலைமுடியின் பருமனே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் திரையில் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவம். அதில் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. மின்புலத்தைத் திருப்பினால் ஒரு நிறத் துகள் மேலே வரும், மற்றது கீழே போகும். கறுப்பு மேலே வந்த இடங்கள் சேர்ந்தால் எழுத்து. மேலே வந்த துகள் மின்சாரம் இல்லாமலே அங்கேயே நிற்கும். எழுத்தைக் காட்டுவதற்குப் பக்கம் திருப்பும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகிறது. ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். மழைக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, இரண்டு மூன்று நாள் மின்சாரம் வராத எஸ்டேட்டில் இது பெரிய வசதி.

இந்தத் திரை தாளைப் போலவே, தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் எழுத்தைக் காட்டுகிறது. அதனால் உச்சி வெயிலிலும் தெளிவாகத் தெரியும். இருட்டில் படிக்க, ஓரத்து விளக்குகள் திரையின் மேற்பரப்பில் ஒளியைப் பரப்புகின்றன. செல்போன், டேப்லட் திரைகள் இதற்கு நேர்மாறு. அவை ஒளியைக் கண்ணுக்குள் நேராக அனுப்புகின்றன. இது தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளி சார்ந்த ஆய்வாளர்கள் 12 பேரை வைத்துச் சோதித்து, முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளி உமிழும் டேப்லட்டில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த இரவுகளோடு ஒப்பிட்டால் தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. தூக்கம் வரச் சராசரியாகப் பத்து நிமிடம் தாமதமானது. விடியுமுன் எழுந்து ஜீப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இரவுத் தூக்கம் சின்ன விஷயமல்ல. இரவு வாசிப்புக்குத் தாள் அல்லது மங்கலாக வைத்த மின்மைத் திரை நல்லது, செல்போன் நல்லதல்ல.

மலைச்சரிவில் பல இடங்களில் செல்போன் சிக்னல் எட்டாது. மின்வாசிப்பானுக்குப் படிக்கும் நேரத்தில் இணையம் தேவையில்லை. போடியில் இருக்கும்போது புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டால் மேலே போய் மாதக்கணக்கில் படிக்கலாம். கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களும் அச்சில் ஒரு பையை நிரப்பிவிடும். இருநூறு கிராம் அளவுள்ள கருவியில் அதோடு இன்னும் ஆயிரம் நூல்கள் அடங்கும். தோளில் பையோடு மலையேறுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தும் ஆறங்குலத் திரையும்

கிண்டில் அமெரிக்காவில் 2007-இல் வந்தது. தமிழ், இந்தி, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிகளில் அமேசான் மின்னூல் விற்பனையைத் தொடங்கியது 2016 டிசம்பரில்தான். அதற்கு முன்பு தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளையே நம்பியிருந்தார்கள். பழைய நூலின் பக்கத்தைப் படமெடுத்துச் செய்த பிடிஎஃப், ஆறங்குலத் திரையில் எறும்பெழுத்தாகச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகத் தள்ள வேண்டும். ஒருங்குறி எழுத்தில் தட்டச்சு செய்து இபப் வடிவத்தில் ஆக்கிய நூலில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். மின்னூல் படிப்பது கஷ்டம் என்று விட்டுவிட்டவர்களில் பலர் உண்மையில் மோசமான பிடிஎஃப்பைப் பார்த்துத்தான் ஒதுங்கினார்கள்.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விகுதிகளும் உருபுகளும் ஒட்டிக்கொண்டே போவதால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் எழுத்தைப் பெரிதாக வைத்தால் ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களே அடங்கும். இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி வரியமைப்பை வைத்தால் சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கும்படி மாற்றிக்கொண்டால் படிப்பது எளிதாகிவிடும். கருவியின் அமைப்புகளில் இதைத் தேடி மாற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவர்களுக்கும், கண்புரையோடு இருப்பவர்களுக்கும் மின்வாசிப்பான் செய்யும் உதவி பெரியது. அச்சுப் புத்தகத்தில் எழுத்தின் அளவைப் பதிப்பாளர் முடிவு செய்கிறார். பக்கத்தைக் குறைக்கப் பொடி எழுத்தில் அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் முதியவர்களை வாசிப்பிலிருந்தே விலக்கிவிடுகின்றன. திரையில் எழுத்தின் அளவை வாசகரே முடிவு செய்கிறார். படிப்பை விட்டு இருபது ஆண்டு ஆகிவிட்டது என்று சொல்லும் ஒரு பெரியவர், எழுத்தை இருமடங்காக்கிக் கொடுத்ததும் மறுபடி நாவலுக்குள் போக முடிகிறது என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கருவியை மதிக்க வேண்டும்.

எது மனத்தில் நிற்கிறது

தாளில் படித்தது நன்றாக நினைவில் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வு ஆதாரம் உண்டு, எல்லையும் உண்டு. ஸ்பெயினைச் சேர்ந்த பாப்லோ டெல்காடோவும் சக ஆய்வாளர்களும் 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை, மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் சம்பந்தப்பட்டவற்றை, ஒன்றுசேர்த்து அலசி 2018-இல் முடிவு சொன்னார்கள். தகவல், விளக்கம் சார்ந்த பாடங்களைத் தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் ஓரளவு கூடுதல். நேரக் கெடுவுக்குள் படிக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. கதை மட்டும் படிக்கும்போது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மின்மைத் திரையைத் தனியாக வைத்துச் சோதித்தவர் நார்வேயின் ஆன் மாங்கென். ஒரே சிறுகதையை 50 பேரில் பாதிப் பேர் அச்சிலும் பாதிப் பேர் கிண்டிலிலும் படித்தார்கள். கதையைப் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு இரு தரப்பும் ஒரே மாதிரி பதில் சொன்னது. நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் நடந்தன, எது கதையின் எந்த இடத்தில் வந்தது என்பதில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். இந்த முடிவு 2019-இல் வெளியானது.

இதன் காரணத்தைப் புத்தகத்தைக் கையில் பிடித்தவர்கள் அறிவார்கள். இடது கையில் படித்து முடித்த பக்கங்கள் தடித்துக்கொண்டே போகும், வலது கையில் மீதி மெலிந்துகொண்டே வரும். இடப்பக்கத்தில், கீழ்ப்பாதியில், எண்ணெய்க் கறை பட்ட பக்கத்துக்கு இரண்டு தாள் முன்னால் என்று ஒரு செய்தி இருந்த இடமே நினைவில் பதியும். திரையில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம். முடித்த அளவைச் சதவீத எண் சொல்லும், கை சொல்லாது.

கண்ணும் கையும் வேலையைப் பிரித்துக்கொள்வதைப் போடியில் ஏலக்காய் வியாபாரத்திலும் காணலாம். போடியிலும், மலைமேல் வண்டன்மேட்டை அடுத்த புத்தடியிலும் ஏலக்காய் ஏலம் மின்னணு முறைக்கு மாறி ஆண்டுகள் பல ஆகின்றன. வியாபாரிகள் கணினித் திரை முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு லாட்டின் மாதிரிக் காயும் அவர்கள் கைக்கு வருகிறது. உள்ளங்கையில் கொட்டி, பருமனும் பச்சையும் பார்த்து, ஒன்றை உடைத்து விதையின் நிறம் பார்த்த பிறகுதான் திரையில் விலை ஏறுகிறது. விலை கேட்பதற்குத் திரை வேகமானது. தரம் அறியக் கைதான் வேண்டும். வாசிப்பிலும் வேகமாகக் கடக்க வேண்டியதும் உண்டு, கையில் உருட்டிப் பார்க்க வேண்டியதும் உண்டு.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அச்சை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம். அடிக்கோடு போடலாம், ஓரத்தில் எழுதலாம், மூன்று பக்கங்களில் விரல் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். மின்வாசிப்பானில் சொல்லைத் தேடுவது நொடியில் முடியும். பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுவது மந்தமானது.

புத்தகம் மலையேறும் வழிகள்

ஒரு நூல் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் வாசகரிடம் வந்து சேராவிட்டால் பயனில்லை. நூலகவியலுக்கு ஐந்து விதிகளை 1931-இல் வகுத்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனின் அடிப்படை எண்ணமும் இதுதான். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் கட்டிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் புத்தகத்தைத் தேடி வர முடியாத இடத்துக்குப் புத்தகம் போனது. 1948-இல் சென்னை மாகாணம் நிறைவேற்றிய பொதுநூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். உள்ளாட்சி வரியோடு வசூலாகும் நூலக வரியால்தான் ஊர்ப்புறக் கிளை நூலகங்கள் இன்றும் நடக்கின்றன.

ஏலமலையை அடுத்த காட்டுக்குள் இவற்றைவிடச் சிறிய நூலகம் ஒன்று நடந்தது. மூணாறுக்கு அப்பால் இடமலைக்குடி முதுவர் பழங்குடியினரின் ஊர். 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. முதுவர்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. காட்டு வழியே நடந்துதான் போக முடிந்த காலத்தில், அங்கே பி.வி. சின்னத்தம்பி தம்முடைய டீக்கடையில் நூலகம் வைத்திருந்தார். 160 புத்தகங்கள், அவற்றை வைத்திருந்தது சாக்குப் பைகளில். இரவல் கொடுத்ததைப் பதிவேட்டில் எழுதி வைத்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் இதைப் பற்றி எழுதியபோது, முந்தைய ஆண்டில் 37 முறை புத்தகங்கள் இரவல் போனதை அந்தப் பதிவேடு காட்டியது. மின்சாரமும் இணையமும் இல்லாத காட்டில் ஒரே புத்தகம் பல கை மாறி வாழ்ந்தது. தாளின் உண்மையான பலம் இதுதான். இதற்குச் சார்ஜ் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் நீட்டினால் போதும்.

போடிக்குப் புத்தகம் வரும் வழி நெடுங்காலம் மதுரை. 1928-இல் திறந்த மதுரை - போடி ரயில்பாதையில், அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் வண்டிகள் நின்றன; 2023 ஜூனில்தான் ரயில் மறுபடி போடிக்கு வந்தது. அடுத்த மாதமே மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. தமிழக அரசு மாவட்டந்தோறும் நடத்தும் புத்தகத் திருவிழாக்களால், சென்னைக்குப் போகாமலே பதிப்பகங்களின் நூல்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் வந்திருக்கிறது.

மின்வழியின் வரலாறும் நீண்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் குவிந்துள்ளன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், எழுத்தாளர்கள் விரும்பிக் கொடுத்த நூல்களை ஆறங்குலத் திரைக்கு ஏற்ற வடிவத்திலும் தருகிறது. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்தால் இந்தியச் சட்டப்படி நூல் பொதுவுடைமை. அதற்கு முன்பே தமிழக அரசு, வாரிசுகளுக்குத் தொகை கொடுத்துப் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி வருகிறது. எளிதில் வாய்க்காத செல்வம் இது. கருவி கையில் இருந்தால் ஒரு ரூபாய் செலவில்லாமல் வாழ்நாள் முழுக்கப் படிக்கலாம்.

மின்பிரதிக்கு இன்னொரு பெரிய நியாயத்தை ஈழம் கற்றுக் கொடுத்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதியாக இருந்த சுவடிகளும் அவற்றோடு போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்பிரதியாக்கி உலகுக்குத் திறந்து வைத்தது. ஒரே இடத்தில் உள்ள தாளை நெருப்பும் வெள்ளமும் அழித்துவிடும். பல இடங்களில் உள்ள மின்பிரதியை அப்படி அழிக்க முடியாது.

விலையும் உரிமையும்

மின்வாசிப்பானின் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்தப் பணத்தில் இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய் விலையுள்ள தமிழ்ப் புத்தகங்கள் நாற்பதாவது வாங்கலாம். ஆண்டுக்கு நான்கைந்து புத்தகம் படிப்பவருக்குக் கருவி லாபமில்லை. வாரம் ஒன்று படிப்பவருக்கும், பொதுவுடைமை நூல்களை நாடுபவருக்கும் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். வரியிலும் வேறுபாடு உண்டு. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு 2018 முதல் 5 சதவீதம்.

உரிமையைப் பொறுத்தவரை தாளே உயர்ந்தது. வாங்கிய புத்தகத்தைப் படித்துவிட்டு மகளுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், நூலகத்துக்குத் தரலாம். கடையில் காசு கொடுத்து வாங்கும் மின்னூல் பெரும்பாலும் படிக்கும் அனுமதி மட்டுமே. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, உரிமை இல்லாத நிறுவனம் விற்றது என்று சொல்லி அமேசான் வாசகர்களின் கிண்டிலிலிருந்தே நீக்கியது. பிறகு மன்னிப்புக் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. வாங்கிய நூல்கள் வாசகரிடம் தங்கவில்லை. இந்தத் தொல்லை பூட்டு இல்லாத கோப்பாகக் கிடைக்கும் பொதுவுடைமை நூல்களுக்கு இல்லை. அவற்றைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் கருவி மாறினாலும் நூல் மிஞ்சும்.

எந்த வாசிப்புக்கு எது

குழந்தைகளின் முதல் புத்தகம் தாளாகவே இருக்க வேண்டும். படம் பெரிதாக, வண்ணத்தில், இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும்படி விரிய வேண்டும், விரலால் தொட்டு எழுத்துக் கூட்ட வேண்டும், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பாடநூல், தேர்வு நூல், அகராதி, சமையல் குறிப்பு, உரையோடு படிக்கும் செய்யுள் போன்று முன்னும் பின்னும் புரட்ட வேண்டிய எதற்கும் தாளே நல்லது. ஓவியம், நிலப்படம், புகைப்படம் உள்ளவற்றுக்கும் அப்படியே.

தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டே போகும் நாவல், வாழ்க்கை வரலாறு, பயணநூல் ஆகியவற்றுக்கு மின்மைத் திரை எந்தக் குறையும் வைக்காது. பல பாகங்கள் கொண்ட பெருநாவலுக்கும், அச்சில் இல்லாத பழைய நூலுக்கும், கண் மங்கியவர்களுக்கும் அதுவே முதல் தேர்வு. செல்போனில் படிப்பவர்கள் அறிவிப்பு ஒலிகளை நிறுத்தி, பின்னணியை மங்கலாக்கி, குறுங்கதை, தொடர்கதை அளவில் வைத்துக்கொண்டால் பலன் உண்டு. மாத நாவலுக்கு அடுத்த தலைமுறையாகப் பிரதிலிபி போன்ற செயலிகளில் தமிழ்த் தொடர்கதைகள் செல்போனிலேயே எழுதப்பட்டுச் செல்போனிலேயே படிக்கப்படுகின்றன. கையில் வேறு கருவி இல்லாதவருக்கு அதுவும் வாசிப்பின் வாசல்தான். கொண்டை ஊசி வளைவில் குலுங்கும் ஜீப்பில் தாளும் திரையும் இரண்டுமே தலை சுற்ற வைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏற்றது ஒலிநூல்.

வீட்டில் பிரித்து வைக்கும் முறையும் இதிலிருந்தே கிடைக்கிறது. கீழே ஒரு வீடும் மலையில் ஒரு தங்குமிடமுமாக வாழ்கிறவர்கள், திரும்பத் திரும்ப எடுக்கும் நூல்களையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியவற்றையும் அச்சில் வாங்கிப் போடியின் உலர்ந்த அலமாரியில் வைப்பது நல்லது. ஒரு முறை படிக்கும் நூல்களையும், எடை மிகுந்தவற்றையும், இலவசமாகக் கிடைப்பவற்றையும் மின்வாசிப்பானில் ஏற்றிக்கொண்டு மேலே போகலாம். ஆனி பிறந்து மெட்டுக்கு அப்பால் மழை இறங்கினால், மலைவீட்டில் இருக்கும் அச்சு நூல்களை உலர்த்தி, உறையிட்டு, கீழே இறக்கிவிட்டு, மழைக்காலம் கழிந்து வெயில் திரும்பியதும் மறுபடி ஏற்றிக்கொள்வது அந்தப் புத்தகங்களின் ஆயுளை நீட்டும்.